மாடித் தொட்டியின் முகவரி: வைஃபை போர்டுகளுக்கு நிலையான ஐ.பி. அமைப்பது பற்றி ஓர் ஆய்வு

சென்னைக்குத் தெற்கே, பல்லாவரத்தில் தொடங்கிக் குரோம்பேட்டை, சானடோரியம், தாம்பரம், பெருங்களத்தூர் என்று ரயில் பாதையை ஒட்டி நீண்டும், கிழக்கே சேலையூர், செம்பாக்கம், மேடவாக்கம் என்று பரந்தும் கிடக்கும் புறநகர்களில், மாடித் தொட்டியின் நீர்மட்டத்தைக் கைப்பேசியில் பார்க்கவும், கீழே சம்ப்பில் தண்ணீர் இருக்கும்போது மட்டும் மோட்டாரை ஓடவிடவும், சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் வைஃபை போர்டு ஒன்றை வாங்கித் தாமே நிரல் எழுதிப் பொருத்திக்கொள்ளும் பழக்கம், பொறியியல் மாணவர்களோடு நில்லாமல் ஓய்வுபெற்ற பொறியாளர்களிடத்தும் ஆசிரியர்களிடத்தும் பரவியிருக்கிறது. இவ்வாறு பொருத்தியவர்கள் பெரும்பாலோர் சில நாட்களுக்குள்ளாகவே எதிர்கொள்ளும் சங்கடம் ஒன்று உண்டு. நேற்று வரை கைப்பேசியின் பிரௌசரில் ஓர் எண்ணைத் தட்டினால் நீர்மட்டத்தைக் காட்டிக்கொண்டிருந்த போர்டு, இன்று அந்த எண்ணில் பதில் சொல்வதில்லை. போர்டில் பழுதில்லை, வைஃபையிலும் குறைவில்லை, முகவரிதான் மாறிவிட்டது. அந்த முகவரியை மாறாமல் நிறுத்துவது எப்படி, எவ்விடத்தில் நிறுத்துவது, எப்போது நிறுத்தாமலே விட்டுவிடலாம் என்னும் கேள்விகளை ஒருசேரப் பரிசீலிப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

என் அபிப்பிராயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். முகவரி என்பது போர்டு எங்கே குடியிருக்கிறதோ அந்த வலையமைப்புக்கு உரியது. ஆகையால் அதை நிர்ணயிக்கும் பொறுப்பு வீட்டு ரவுட்டரிடத்தில் இருப்பதே முறை. போர்டின் நிரலுக்குள் அதை எழுதிவைப்பது சில விசேஷ சந்தர்ப்பங்களுக்கு மட்டுமே தகும். நிரலில் நான்கு வரி சேர்த்தால் காரியம் முடிந்தது என்று கற்பிக்கும் பாடங்களே எங்கும் மலிந்திருப்பதால், இதைச் சற்று விரிவாகவே நிறுவ வேண்டியிருக்கிறது.

இக்கேள்வி இந்த வட்டாரத்தில் மிகுதியாக எழுவதில் வியப்பொன்றும் இல்லை. 1949-ஆம் ஆண்டில் சி. ராஜம் குரோம்பேட்டையில் தோற்றுவித்த மெட்ராஸ் இன்ஸ்டிடியூட் ஆஃப் டெக்னாலஜி, எலெக்ட்ரானிக்ஸ் என்னும் சொல்லே சாமானியருக்குப் பரிச்சயமாகாத காலத்தில் அதைத் தனித்துறையாக வைத்துப் போதித்தது. அப்துல் கலாமும் எழுத்தாளர் சுஜாதாவும் அக்கல்லூரியில் பயின்றவர்கள். 1984-இல் சானடோரியத்தில் ஏற்றுமதி வளாகம் அமைந்தது. வண்டலூரிலும் காட்டாங்குளத்தூரிலும் பொறியியல் கல்லூரிகள் எழுந்தன. உதிரிப் பாகம் வேண்டுமானால் மின்சார ரயிலேறி ரிச்சி தெருவுக்குப் போய் மாலைக்குள் திரும்பிவிடலாம். இவற்றோடு, ஆழ்குழாய்க் கிணற்றையும் லாரித் தண்ணீரையும் நம்பிக் குடித்தனம் நடத்த வேண்டிய நிர்ப்பந்தமும் சேரும்போது, தொட்டியின் நீர்மட்டத்தை அறிந்துகொள்வது பொழுதுபோக்கு என்னும் எல்லையைக் கடந்து குடும்பத்தின் நித்திய தேவையாகிவிடுகிறது.

முகவரியின் இயல்பை அறிந்தாலன்றி மேலே செல்ல இயலாது. 1981 செப்டம்பரில் வெளியான இன்டர்நெட் விதிமுறை, ஒவ்வொரு கணினிக்கும் 32 இருமக் கூறுகள் கொண்ட எண் ஒன்றை வகுத்தது. நானூற்று முப்பது கோடிக்குச் சற்றுக் குறைவான எண்களே அதில் அடங்கும். அவை உலகத்துக்குப் போதமாட்டா என்பது சீக்கிரமே புலப்பட்டதால், 1996 பிப்ரவரியில் வெளியான மற்றொரு விதி, 10 என்று தொடங்கும் எண்களையும், 172.16 முதல் 172.31 வரையுள்ளவற்றையும், 192.168 என்று தொடங்குபவற்றையும் தனியார் உபயோகத்துக்கென்று ஒதுக்கியது. ஊருக்கு ஊர் காந்தி தெருவும் பாரதி தெருவும் இருந்தும் அந்தந்த ஊருக்குள் குழப்பமில்லாமல் வழங்கி வருவதைப் போல, 192.168.1.60 என்னும் முகவரி செம்பாக்கத்து வீட்டிலும் முடிச்சூர் வீட்டிலும் ஒரே சமயத்தில் இருக்கலாம். வீட்டுக்குள்ளே அதற்குப் பொருள் உண்டு, வாசலைத் தாண்டினால் இல்லை. இந்த ஒரு விஷயத்தை மனத்தில் பதித்துக்கொண்டவர்களுக்குப் பின்னால் வரும் சிக்கல்களில் பாதி தாமே அவிழ்ந்துவிடும்.

இவ்வெண்களை யார் கொடுப்பது? ஆதியில் நிர்வாகியொருவர் ஏடு வைத்துக்கொண்டு கணினிதோறும் கையால் எழுதிவந்தார். 1993 அக்டோபரில், ரால்ஃப் டிரோம்ஸ் என்பார் தொகுத்த டி.எச்.சி.பி. என்னும் விதிமுறை வெளியாகி, 1997 மார்ச்சில் திருத்தமான வடிவம் பெற்றது. வலையமைப்பில் புதிதாக நுழையும் சாதனம், முகவரி தருவார் உண்டோ என்று எல்லோரும் கேட்கக் குரல் எழுப்புகிறது; ரவுட்டர் ஓர் எண்ணைக் காட்டி இது வேண்டுமா என்கிறது; சாதனம் அதையே தருக என்கிறது; ரவுட்டர் தந்தோம் என்று உறுதி கூறுகிறது. இந்த நான்கு செய்திகளோடு முகவரி குறிப்பிட்ட காலத்துக்குக் குத்தகையாக வழங்கப்படுகிறது. குத்தகைக் காலத்தில் பாதி கழிந்ததும் சாதனம் புதுப்பிக்கக் கேட்கும். கைப்பேசிகளும் மடிக்கணினிகளும் வந்து வந்து போகும் வீட்டுக்கு இது மிகச் சிறந்த ஏற்பாடு. அவை பிறரைத் தேடிப் போகின்றனவே யொழிய அவற்றைத் தேடி எவரும் வருவதில்லை. மாடித் தொட்டியின் போர்டோ, தன்னைத் தேடி வருபவர்களுக்காகக் காத்திருப்பது. எண் மாறினால் அதைக் கண்டுபிடிப்பார் இல்லை.

இனி போர்டைப் பார்ப்போம். ஷாங்காயைச் சேர்ந்த எஸ்பிரெசிஃப் நிறுவனத்தின் இஎஸ்பி8266 என்னும் சில்லு 2014-இல் மலிவான சிறு பலகையாக உலகச் சந்தைக்கு வந்தது; அதே ஆண்டின் பிற்பகுதியில் அதைத் தாங்கிய நோட்எம்சியு தோன்றியது; 2016-இல் அதன் இளைய சகோதரமான இஎஸ்பி32-உம், 2022-இல் ராஸ்பெர்ரி பை நிறுவனத்தின் பைக்கோ டபிள்யூவும் வந்தன. கட்டைவிரல் நகத்தளவு உலோக மூடிக்குள் கணினியும் வானொலியும் அடங்கியிருக்க, மூடிக்கு வெளியே பலகையின் மேலேயே வளைந்து வளைந்து அச்சிட்ட செப்புக் கோடு ஆன்டெனாவாக அமைந்திருப்பதைக் காண்கிறோம். இஎஸ்பி8266 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை மட்டுமே அறியும். புதிய ரவுட்டரின் 5 கிகாஹெர்ட்ஸ் பெயரைக் கொடுத்துவிட்டு, இணையவில்லையே என்று முகவரியைக் குறை சொல்வார் உண்டாதலால் இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

நிரலுக்குள்ளேயே முகவரியை எழுதும் முறையில், ஆர்டுயினோ சூழலில் எழுதுபவர்கள், வைஃபை.பிகின் என்னும் கட்டளைக்கு முன்பாக வைஃபை.கான்ஃபிக் என்னும் கட்டளையை வைத்து, அதற்குள் போர்டின் எண், கேட்வேயின் எண், சப்நெட் மாஸ்க், பெயரறி சேவையான டி.என்.எஸ்.ஸின் எண் ஆகியவற்றைத் தருகிறார்கள். வீட்டு ரவுட்டர் 192.168.1.1 ஆனால், போர்டுக்கு 192.168.1.60, கேட்வேக்கு 192.168.1.1, மாஸ்க்குக்கு 255.255.255.0, டி.என்.எஸ்.ஸுக்கு மீண்டும் ரவுட்டரின் எண்ணையோ கூகுளின் 8.8.8.8-ஐயோ எழுதினால் போதும். பார்வைக்கு எளிது. ஆனால் இவ்விடத்தில்தான் வரிசைக் கிரமம் என்னும் பொறி வைக்கப்பட்டிருக்கிறது. இஎஸ்பி8266-க்கான ஆர்டுயினோ நூலகம் போர்டு, கேட்வே, மாஸ்க், டி.என்.எஸ். என்னும் கிரமத்தை எதிர்பார்க்கிறது. ஆர்டுயினோவின் சொந்த வைஃபை நூலகமோ போர்டு, டி.என்.எஸ்., கேட்வே, மாஸ்க் என்கிறது. மைக்ரோபைத்தானில் போர்டு, மாஸ்க், கேட்வே, டி.என்.எஸ். என்று மூன்றாவது கிரமம் வழங்குகிறது. ஒரு பலகைக்கு எழுதிய வரியை மற்றொன்றில் அப்படியே ஒட்டுகிறவர், எல்லா எண்ணும் சரியாயிருந்தும் இணைப்புக் கிட்டாமல் தவிப்பதற்கு இதுவே காரணம். இஎஸ்பி8266 நூலகத்தை ஆக்கியோர் இதை உணர்ந்து, மூன்றாவதாக வந்த எண்ணின் முதற்பகுதி 255 ஆக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் தம் கிரமம் என்றும், இல்லையேல் ஆர்டுயினோவின் கிரமம் என்றும் ஊகித்துக்கொள்ளும் ஏற்பாட்டை உள்ளே வைத்திருக்கிறார்கள். பிறர் சிரமத்தை முன்கூட்டி நினைத்துச் செய்த அந்தச் சிறு உபகாரம் பாராட்டத்தக்கது. எனினும் எல்லாப் பலகைகளிலும் அது கிடைக்கும் என்று நம்பியிருத்தலாகாது.

டி.என்.எஸ்.ஸை எழுதாமல் விடுவது இதனினும் நுட்பமான தவறு. டி.எச்.சி.பி. வழியாக முகவரி பெறும்போது ரவுட்டர் இதையும் சேர்த்தே தந்துவிடுவதால், அப்படியொன்று இருப்பதே பலருக்குத் தெரிவதில்லை. நிலையான முகவரியை எழுதி இதை மட்டும் விட்டுவிட்டால், போர்டு உயிர்பெறுகிறது. கணினித் திரையில் 115200 வேகத்தில் திறந்துவைத்த சீரியல் மானிட்டரில் புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக விழுந்து, பின்பு 192.168.1.60 என்று முகவரி அச்சாகிறது. கைப்பேசியில் அதைத் தட்டினால் நீர்மட்டப் பக்கமும் திறக்கிறது. எல்லாம் செவ்வையாக நடப்பது போலவே தோன்றும். பக்கத்தின் மூலையில் உள்ள கடிகாரம் மட்டும் 1970 ஜனவரி 1, காலை 5.30 என்று காட்டும். நேரம் சொல்லும் சேவையின் பெயரை எண்ணாக மாற்றித் தருவார் இல்லாமையால், போர்டு தன் பிறவிக் கணக்கான 1970-இன் தொடக்கத்திலேயே நின்று, அதன்மேல் இந்திய நேரத்துக்குரிய ஐந்தரை மணியை மட்டும் கூட்டிக்கொண்டு நிமிடங்களை எண்ணிக்கொண்டிருக்கிறது. அந்தத் தேதியைக் கண்ட மாத்திரத்தில் டி.என்.எஸ். வரியைத் தேடுவது நல்லது.

எந்த எண்ணைத் தெரிந்தெடுப்பது என்பதிலும் விவேகம் வேண்டும். ரவுட்டர் தான் குத்தகைக்கு விடும் எண்களுக்கு ஓர் எல்லை வைத்திருக்கிறது. 100 முதல் 199 வரை என்று சில ரவுட்டர்கள் வரையறுக்கின்றன. இணையச் சேவையோடு வரும் ரவுட்டர்கள் பல, 2 முதல் 254 வரை முழு வீட்டையுமே குத்தகைக்கு விட்டுவிடுகின்றன. போர்டு 60-ஐத் தனக்கென்று எடுத்துக்கொண்டதை ரவுட்டர் அறியாது; விருந்தினரின் கைப்பேசிக்கு அதே 60-ஐ அது வழங்கினால், இரண்டு சாதனங்கள் ஒரே எண்ணுக்குப் பதில் சொல்லத் தொடங்குகின்றன. பகலில் ஒழுங்காக வேலை செய்யும் தொட்டி, வீட்டார் வேலையிலிருந்து திரும்பும் மாலையில் மட்டும் காணாமற்போவது இத்தகைய மோதலின் அடையாளமாகும். குத்தகை எல்லையைச் சுருக்கி, 2 முதல் 99 வரையுள்ள எண்களை நிலையான சாதனங்களுக்கு ஒதுக்கிவிட்டால் இந்த அபாயம் நீங்கும்.

ஆனால் குத்தகை எல்லையைச் சுருக்குவதற்கு ரவுட்டரின் உள்ளே போகத்தான் வேண்டும். போன பிறகு, அங்கேயே முகவரியையும் நிர்ணயித்துவிடலாமே என்பதுதான் என் வாதம். நிரலில் எழுதிய முகவரியின் பெருங்குறை, வலையமைப்பு மாறும்போது வெளிப்படுகிறது. நம் புறநகர்களில் இணைய நிறுவனத்தை மாற்றிக்கொள்வது சகஜமாகிவிட்டது. கட்டணம் குறைவு என்றோ, மழைக்காலத்தில் கேபிள் அறுந்து சீராக்க ஆள் வரவில்லை என்றோ ஒன்றை விட்டு மற்றொன்றுக்குப் போகிறோம். பல ரவுட்டர்கள் 192.168.1.1 என்றிருக்க, டிபி-லிங்க் ரவுட்டர்கள் 192.168.0.1 என்றும், ஜியோஃபைபரின் ரவுட்டர்கள் 192.168.29.1 என்றும் வருகின்றன. பழைய வைஃபை பெயரையும் கடவுச்சொல்லையும் புதிய ரவுட்டரில் அப்படியே வைத்துக்கொண்டாலும், 192.168.1.60 என்று நிரலில் எழுதப்பட்ட போர்டு புதிய வைஃபையில் சேர்ந்தும் சேராததாய், எவர் கண்ணுக்கும் படாமல் நிற்கும். வைஃபை வழியாகவே நிரலைப் புதுப்பிக்கும் வசதி செய்து வைத்திருந்தாலும் அதற்கும் முகவரி வேண்டுமே. மடிக்கணினியையும் யு.எஸ்.பி. கேபிளையும் எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறி, தொட்டியின் மேலுள்ள டப்பாவைத் திறப்பதைத் தவிர வழியில்லை; வீட்டில் நான்கு போர்டுகள் இருந்தால் நான்கு டப்பாக்களையும் திறக்க வேண்டும். புதிய ரவுட்டரின் சொந்த முகவரியையே 192.168.1.1 என்று மாற்றிவிடுவது ஒரு பரிகாரம். அதுவும் ரவுட்டரில் செய்யும் வேலைதான்.

மாணவர்களுக்கு இக்குறை வேறு உருவத்தில் வருகிறது. கல்லூரிக் கண்காட்சியில் கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டை வைத்துச் செய்முறை காட்டுவது இப்போது வழக்கம். ஆண்ட்ராய்டு கைப்பேசிகள் நெடுங்காலம் 192.168.43 என்று தொடங்கும் எண்களையே வழங்கி வந்தன. பிற்காலப் பதிப்புகளில் அவ்வெண் நிலையாக இருப்பதில்லை. ஐபோனோ 172.20.10 என்று தொடங்கி, பதினான்கு எண்களுக்குள் ஒரு சிறு கூட்டத்தையே அமைக்கிறது. நண்பனின் கைப்பேசியில் ஒத்திகை பார்த்துவிட்டு வேறொரு கைப்பேசியோடு மேடையேறினால், நிரலில் எழுதிய முகவரி செல்லாக்காசு. கல்லூரியின் சொந்த வைஃபையில் தாமே ஓர் எண்ணை எடுத்துக்கொள்வது, வேறொருவரின் கணினியோடு மோதலுக்கு இடம் தருமாதலால் அறமாகாது. நிர்வாகியைக் கேட்டே செய்ய வேண்டும். இதற்கெல்லாம் எளிய மாற்று, போர்டையே வைஃபை அளிக்கும் நிலையமாக்கிவிடுவது. இஎஸ்பி போர்டு அவ்வாறு நிற்கும்போது, தான் 192.168.4.1 என்னும் முகவரியை இயல்பாகவே ஏற்றுக்கொள்கிறது. பார்க்க வந்தவர் கைப்பேசியை அதோடு இணைத்து அவ்வெண்ணைத் தட்டினால் போதும்.

இரண்டாவது முறையான ரவுட்டர் ஒதுக்கீட்டில், நிரல் வழக்கம்போல் டி.எச்.சி.பி.யையே கேட்கிறது, ஆனால் ரவுட்டரின் ஏட்டில், இந்த மேக் முகவரியுள்ள சாதனம் வந்தால் இந்த எண்ணையே கொடு என்று எழுதிவைக்கிறோம். மேக் முகவரி என்பது சில்லு தயாராகும்போதே அதில் பொறிக்கப்படும் 48 கூறுகள் கொண்ட அடையாளம். அதன் முற்பாதி தயாரித்த நிறுவனத்தையும் பிற்பாதி அந்தத் தனிச் சில்லையும் சுட்டும். புதிய கைப்பேசிகள் அந்தரங்கத்தின் பொருட்டு வைஃபைக்கு ஒன்றாகப் பொய்யான மேக் முகவரியைக் காட்டுகின்றன; நம் போர்டுகள் அப்படிச் செய்வதில்லையாதலால் ஒதுக்கீடு அவற்றுக்குச் செவ்வனே பொருந்துகிறது. ரவுட்டரின் பக்கங்களில் இது அட்ரஸ் ரிசர்வேஷன் என்றோ ஸ்டேடிக் லீஸ் என்றோ இருக்கும். பைண்டிங் என்று சில ரவுட்டர்களில் காணப்படுவது வேறொரு காப்பு ஏற்பாடு, அதை இதுவென்று மயங்கக்கூடாது. போர்டு தானே நிலையமாக நிற்கும்போது காட்டும் மேக் முகவரி வேறு, பிற வைஃபையில் சேரும்போது காட்டும் மேக் முகவரி வேறு என்பதையும் கவனித்து, பின்னதையே ஏட்டில் எழுத வேண்டும்.

இம்முறையின் அனுகூலம் மின்தடைக்குப் பின் நன்கு புலனாகும். மலிவான ரவுட்டர்கள் பல, தாம் யாருக்கு எந்த எண்ணைக் குத்தகைக்கு விட்டோம் என்னும் கணக்கை மின்சாரம் போனால் மறந்துவிடும் நினைவகத்தில் வைத்திருக்கின்றன. கரண்ட் திரும்பியதும், முதலில் கேட்டவனுக்கு முதல் எண் என்று அவை புதிதாகப் பங்கிடத் தொடங்குகின்றன. நேற்று 101-ஆக இருந்த போர்டு இன்று 103 ஆவதன் காரணம் இதுவே. ஒதுக்கீட்டு ஏடோ நிலையான நினைவகத்தில் எழுதப்படுவதால் எத்தனை முறை மின்சாரம் போனாலும் அழிவதில்லை. இங்கே முகவரியோடு சம்பந்தமில்லாத மற்றொரு கோளாறையும் பிரித்தறிய வேண்டும். போர்டு விநாடிக்குள் விழித்தெழுகிறது. ஃபைபர் ரவுட்டர் எழுந்து நிற்க ஒரு நிமிடமோ அதற்கு மேலோ பிடிக்கிறது. வைஃபை மேனேஜர் என்னும் பிரசித்தமான நூலகத்தைப் பயன்படுத்தியவர்களின் போர்டு, வைஃபையைக் காணோமே என்று சிறிது நேரம் பார்த்துவிட்டு, புதிய கடவுச்சொல்லை எதிர்பார்த்துத் தன் சொந்த நிலையத்தைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிடுகிறது. ரவுட்டர் வந்த பிறகும் திரும்புவதில்லை. அந்தக் காத்திருப்புக்கு ஒரு கால எல்லையை நிரலில் விதித்தால் தீரும் இந்தக் குறைக்கு, நிலையான முகவரி மருந்தாகாது.

நிரலில் முகவரியை எழுதுவதே உத்தமம் என்று நான் ஒப்புக்கொள்ளும் சந்தர்ப்பம், போர்டு பேட்டரியில் ஓடும் சந்தர்ப்பமாகும். தாம்பரத்தில் 24 மணி நேரத்துக்குள் 49 செ.மீ. மழை கொட்டிய 2015 டிசம்பரையும், மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துச் சென்ற 2016 டிசம்பரின் வர்தா புயலையும் கண்டவர்களுக்கு, மின்சாரம் இல்லாத நேரத்திலும் அளந்துகொண்டே இருக்கும் வானிலைக் கருவி ஒன்று மாடியில் வேண்டும் என்னும் ஆவல் இயல்பானது. இத்தகைய கருவி பதினைந்து நிமிடங்களுக்கு ஒருமுறை விழித்து, வெப்பத்தையும் ஈரப்பதத்தையும் அளந்து, அனுப்பிவிட்டு மறுபடியும் உறங்குகிறது. ஆழ்ந்த உறக்கத்தில் இஎஸ்பி8266 சில்லு ஏறத்தாழ 20 மைக்ரோஆம்பியரே பருகும். வைஃபையோடு விழித்திருக்கையில் சராசரி 75 மில்லிஆம்பியர் என்று கொள்ளலாம். ஒரு நாளில் 96 விழிப்புகள். ஒவ்வொரு விழிப்பிலும் டி.எச்.சி.பி.யின் நான்கு செய்திகளுக்காக ஒரு விநாடி காத்திருந்தாலும், நாளொன்றுக்கு 2 மில்லிஆம்பியர்-மணி செலவாகிறது. நாள் முழுதும் உறங்குவதற்கு ஆகும் செலவோ அரை மில்லிஆம்பியர்-மணிக்கும் குறைவு. உறக்கத்தைப் போல் நான்கு மடங்கை முகவரி கேட்பதிலேயே இழக்கிறோம் என்றாகிறது. ஆண்டுக் கணக்கில் அது 730 மில்லிஆம்பியர்-மணி, அதாவது 2,500 கொள்ளளவுள்ள லித்தியம் செல் ஒன்றில் நான்கில் ஒரு பங்குக்கும் மேல். ரவுட்டர் மந்தமாக இருந்தால் காத்திருப்பு ஒரு விநாடியோடும் நிற்பதில்லை. ஆகவே இங்கே முகவரியை நிரலிலும் எழுதி, அதே எண்ணை அதே மேக் முகவரிக்கு ரவுட்டரிலும் ஒதுக்கிவிட வேண்டும். அப்போது வேகமும் கிடைக்கும், மோதலும் நேராது. நோட்எம்சியு பலகையில் உள்ள யு.எஸ்.பி. சில்லும் மின்னழுத்தச் சீராக்கியும் உறக்கத்திலும் மின்சாரத்தைக் குடித்துக்கொண்டிருப்பதால், இந்தக் கணக்கு வெறும் சில்லுப் பலகைக்கே பொருந்தும் என்பதை நினைவில் கொள்க.

எண்ணையே மறந்துவிட்டுப் பெயரால் அழைக்கலாகாதா என்றால், அதற்கும் வழியுண்டு. ஆப்பிள் நிறுவனம் 2002-இல் பிரபலப்படுத்தி, 2013-இல் பொது விதியாக வெளியான எம்டிஎன்எஸ் ஏற்பாட்டில், தொட்டி.லோக்கல் என்பது போன்ற பெயரைப் போர்டு தானே அறிவித்துக்கொள்ளலாம். மடிக்கணினிகளிலும் ஐபோனிலும் இது நன்றாக நடக்கிறது. நம் வீடுகளில் மிகுதியாகப் புழங்கும் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளின் பிரௌசர்கள் பல ஆண்டுகள் இப்பெயர்களை ஏற்காமலே இருந்தன, பழைய கைப்பேசிகள் இன்றும் ஏற்பதில்லை. ஆகவே இதைத் துணையாகக் கொள்ளலாம், ஆதாரமாகக் கொள்ள முடியாது. இதனினும் ஆழமான மாற்று எம்க்யூடிடி. எண்ணெய்க் குழாய்களைச் செயற்கைக்கோள் வழியாகக் கண்காணிக்கும் பொருட்டு 1999-இல் உருவான இம்முறையில், போர்டு எவரையும் எதிர்பார்த்துக் காத்திருப்பதில்லை. புரோக்கர் என்னும் நடு நிலையத்துக்குத் தானே சென்று செய்தியைச் சேர்த்துவிடுகிறது, கைப்பேசியும் அங்கே வந்து பெற்றுக்கொள்கிறது. வீட்டில் பத்து போர்டுகள் இருந்தாலும் புரோக்கர் ஓடும் ராஸ்பெர்ரி பை ஒன்றுக்கு மட்டும் நிலையான முகவரி இருந்தால் போதும். மூன்று நான்கு போர்டுகளுக்கு மேல் போகிறவர்கள் இம்முறைக்கு மாறிவிடுவதையே நான் சிபாரிசு செய்வேன்.

வீட்டுக்குள் முகவரியை நிலைநிறுத்திவிட்டால், ஓ.எம்.ஆர். அலுவலகத்தில் உட்கார்ந்தபடியே தொட்டியைப் பார்க்கலாம் என்று நம்புகிறவர்கள் பலர். 192.168 என்று தொடங்கும் எண் வாசலைத் தாண்டாது என்று முன்னமே சொன்னோம். ரவுட்டருக்கு வெளிப்புறத்தில் உள்ள முகவரியாவது நம்முடையதா என்றால், அதுவும் இப்போது பெரும்பாலும் இல்லை. 2011 பிப்ரவரியில் உலகப் பொது இருப்பிலும், அதே ஆண்டு ஏப்ரலில் ஆசிய-பசிபிக் வட்டார இருப்பிலும் பழைய முகவரிகள் தீர்ந்தன. அதன் விளைவாக இணைய நிறுவனங்கள் பல வீடுகளை ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிறுத்துகின்றன. ரவுட்டரின் பக்கத்தில் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்ணில் தொடங்கினால், 2012-இல் இதற்கென்றே ஒதுக்கிய கூட்டுக் குடியிருப்பில் நாம் இருக்கிறோம் என்று பொருள். வெளியிலிருந்து எந்த வாசலையும் திறந்துவைக்க இயலாது. பொது முகவரி இருப்பவர்களுக்கும் வாசலைத் திறந்துவைக்குமாறு நான் சொல்லமாட்டேன். 2016-இல் மிராய் என்னும் தீநிரல், தொழிற்சாலைக் கடவுச்சொல்லை மாற்றாமல் விட்ட கேமராக்களையும் ரவுட்டர்களையும் லட்சக்கணக்கில் கைப்பற்றியதை உலகம் கண்டது. மோட்டாரை இயக்கவல்ல போர்டை உலகத்துக்குத் திறந்துவைப்பது அதனினும் விபரீதம். போர்டு தானே வெளிப் புரோக்கருக்குச் செய்தி அனுப்புவதோ, வயர்கார்டு போன்ற அந்தரங்கச் சுரங்கவழி ஒன்றின் மூலம் வீட்டுக்குள் வருவதோ தக்கது.

ரவுட்டர் ஒதுக்கீட்டுக்கும் குறைகள் இல்லாமல் இல்லை. இடிமின்னலிலோ கோடை வெயிலிலோ போர்டு எரிந்து புதிது வைத்தால் மேக் முகவரி மாறும். ரவுட்டரை மாற்றினால் ஏட்டை மறுபடியும் எழுத வேண்டும். ஒவ்வொரு போர்டின் மேக் முகவரியையும் அதற்கு ஒதுக்கிய எண்ணையும் ஒரு தாளில் எழுதி, ரவுட்டர் இருக்கும் சுவரிலேயே ஒட்டிவைத்தால், இவ்விரண்டும் சில நிமிடக் காரியங்களாகிவிடும். மாடி ஏற வேண்டியதில்லை.

உண்மையான தடை வேறிடத்தில் இருக்கிறது. இணைப்புத் தர வரும் ஊழியர், ஃபைபரை ஒட்டவைத்து, வைஃபையின் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். ரவுட்டரின் உள்ளே நுழைவதற்கான நிர்வாகக் கடவுச்சொல் வீட்டுக்காரரிடம் வந்து சேருவதில்லை. சில ரவுட்டர்களில் நுழைந்த பின்னும் ஒதுக்கீட்டுப் பக்கம் மறைத்து வைக்கப்பட்டிருக்கிறது. தம் வீட்டுக்குள் எந்தச் சாதனத்துக்கு எந்த எண் என்று தீர்மானிக்கும் உரிமை மாதாமாதம் பணம் கட்டுகிறவருக்கு இருக்க வேண்டும் என்பதை நான் உறுதியாக நம்புகிறேன். புதிய இணைப்புக்கு வருகிறவரிடம், அவர் ஏணியை மடிப்பதற்கு முன்பே, நிர்வாகப் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு வாங்கி, அவர் முன்னிலையிலேயே ஒருமுறை உள்ளே நுழைந்து, டி.எச்.சி.பி. பக்கத்தில் ஒதுக்கீட்டுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அது இல்லையென்றால், அவர்களுடைய பெட்டியை வெறும் ஃபைபர் மாற்றியாக மட்டும் வைத்துக்கொண்டு, அதன் பின்னால் சொந்த ரவுட்டர் ஒன்றை மாட்டி, வீட்டு வைஃபையையும் போர்டுகளையும் அதனிடமே ஒப்படைத்துவிடலாம். அதன் பிறகு எத்தனை நிறுவனங்கள் மாறினாலும் உள்ளே 192.168.1.60 அப்படியே இருக்கும்.